படிப்பகச் சங்கம், பழைய வண்ணாரப்பேட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். அங்கேயாவது படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள், எம்.சி. ரோட்டில் நீர்மோர்ப் பந்தல், ஆகஸ்ட் 15 கொடியேற்றம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் வந்தது, புத்தகங்களுக்குச் சேதமில்லை.

இனி சிடி விஷயம். 'செயலாளர் பழைய சிடியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்' என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் மாணவர்களுக்காகத் தமிழில் செய்த, கணினியில் ஓட்டிப் பார்க்கும் பாடங்கள் சிடியாக நம் பீரோவில் இருக்கின்றன. அருமையான பாடங்கள், ஆனால் எல்லாம் ஃப்ளாஷ் என்ற பழைய அசைபட மென்பொருளில் செய்தவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரும் ஓடாமல் நின்றது. அதனால் எழுத்தை மட்டும் எடுத்து அச்சிட, பாடம் செய்தவர்களிடம் அனுமதிக் கடிதம் வாங்கியிருக்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் கோப்பில் பார்க்கலாம்.

ரிச்சி தெருவில் யுஎஸ்பி சிடி டிரைவ் வாங்கியதை வீண்செலவு என்றார்கள். இப்போது வரும் லேப்டாப்பில் சிடி போட இடம் எங்கே இருக்கிறது? பாடம் ஸ்கார்ம் என்ற, கணினிப் பாடங்களைத் தொகுக்கும் முறையில் கட்டியது. பெயர்தான் பெரிது, உள்ளே சாதாரண ஜிப் கோப்பு. எந்தப் பாடத்துக்குப் பின் எது என்று அதிலுள்ள மேனிஃபெஸ்ட் கோப்பே சொல்லிவிடும். ஜேபெக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஃப்ளாஷ் கோப்புகளைப் பிரித்து எழுத்தை வெளியே எடுத்துக் கொடுத்தது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நின்றது. சரி, இன்றைய கணினிகளுக்குப் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றினோம். அப்புறம் பார்த்தால், வரிகள் திரையில் இருந்த வரிசையில் இல்லை. எர்த்திங் குழியில் கரியும் உப்பும் போடச் சொல்லும் இடத்தில் 'மீண்டும் முயல்க' வந்து உட்கார்ந்திருந்தது. சில பக்கங்களில் எழுத்தையே படமாக்கியிருந்தார்கள். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெஸராக்ட் மென்பொருள் அவற்றைப் படித்த லட்சணத்துக்குக் கையால் அடிப்பதே மேல். ஆகவே ஃப்ளாஷ் கோப்புகளை இன்றும் ஓட்டிக் காட்டும் ரஃபிள் மென்பொருளில் பாடத்தை ஓடவிட்டு, ஒருவர் திரையைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் திருத்த வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்துவிடவில்லை. சோக், ஸ்டார்ட்டர் வைத்த டியூப்லைட் பாடத்தைச் சுருக்கிவிட்டேன், எல்.இ.டி. காலத்தில் அதற்கு அத்தனை பக்கம் தேவையில்லை. ஓம் விதியும் எர்த்திங்கும் அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் பிள்ளைகள் நம் ஜெராக்ஸை வைத்துத்தான் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். 'யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே' என்று கேட்ட அன்பர், பிள்ளைகளுக்கு டேட்டா தீர்ந்துபோன ஒரு மாலையில் இங்கே வந்து பார்க்கலாம்.

திருத்த உட்கார்ந்தவர்கள் துறைமுகத்தில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவரும் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும்தான். பொதுக்குழுவில் கை தூக்கிப் பெயர் கொடுத்தவர்கள் பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவர்கள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அதில் பாதிப் பேர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் சந்தா பாக்கிப் பட்டியலிலும் இருக்கிறார்கள்.

வரவு செலவு: வந்த சந்தா வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் ஏறக்குறைய சரியாகப் போயிற்று. மீதிச் செலவு கைமாற்றில் ஓடியது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. இடம் தந்த வீட்டுக்காரருக்கும், கடனுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தந்த கடைக்காரருக்கும், மகளிர் குழுவினருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு ஃபிட்டர், வெல்டர் பாடங்களை எடுக்க வேண்டும். கடற்காற்றில் அந்த சிடிகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது, ரொம்ப நாள் தாங்காது. சனிக்கிழமை மாலை வந்து உட்கார ஆள் வேண்டும். கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். செயலாளர் பொறுப்பையே எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது முன்வந்தாலும் மகிழ்ச்சி, பீரோ சாவியை இன்றே தருகிறேன். அதுவும் முடியாதென்றால், டீ குடித்துவிட்டுப் போகும்போது பாக்கியையாவது கட்டிவிட்டுப் போங்கள். ரசீது புத்தகம் மேசைமேல் இருக்கிறது.

இவண்,
செயலாளர்