எங்கள் எம்விஎஸ் ஓடிக்கொண்டிருக்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஐபிஎம் மெயின்ஃப்ரேம் (பெருங்கணினி) போலவே நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில், ஐபிஎம்மின் பழைய இயக்குதளமான எம்விஎஸ் 3.8ஜே-யை ஏற்றி, சாதாரணக் கணினியில் ஒரு மெயின்ஃப்ரேமைப் பராமரிக்க எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். கட்டளையை மட்டும் சொல்லியிருந்தால் அன்றைய சிக்கல் தீர்ந்திருக்கும். நீங்கள் காரணத்தையும் சேர்த்துச் சொன்னீர்கள். பெயர் சொல்லிக்கொள்ளாமல் உதவியவர்களே அதிகம். அதனால் ஒவ்வோர் உதவியையும் குறிப்பிட்டே நன்றி சொல்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கும் இது பயன்படட்டும்.

முதல் நன்றி, 1999-இல் ஹெர்குலிஸைத் தொடங்கிய ராஜர் பௌலருக்கும் அதை இன்றுவரை வளர்த்து வருபவர்களுக்கும். டேப்பிலிருந்து தொடங்கிச் செய்யும் சிஸ்ஜென் (நம் சாதனங்களுக்கேற்ப சிஸ்டத்தை உருவாக்கும்) வேலையைப் படிப்படியாக எழுதி வைத்த ஜே மோஸ்லி, ஏற்றியதும் ஓடும் டர்ன்கீ தொகுப்பைத் தந்த ஃபோல்கர் பண்ட்கே, அதே வகைத் தொகுப்பான டிகே4 தந்த யூர்கன் விங்கெல்மன், டிகே5 தந்த ராப் பிரின்ஸ் ஆகியோர் இல்லாவிட்டால் ஐபிஎல் (சிஸ்டத்தை ஏற்றித் தொடங்குவது) செய்ய எங்களிடம் எதுவுமே இருந்திருக்காது.

தொடக்கத்திலேயே இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்தியவருக்கு நன்றி. எம்விஎஸ் 3.8ஜே 24 பிட் முகவரியில் ஓடுவது. ஆகவே நினைவக அளவு 16 மெகாபைட் போதும். கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் அதற்கு மேல் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டாவது, கன்சோலாகப் பயன்படும் 3270 முனையத்தை இணைத்த பிறகே ஐபிஎல் கொடுக்க வேண்டும். கன்சோல் கிடைக்கவில்லை என்றால் சிஸ்டம் 007 என்ற காத்திருப்புக் குறியீட்டோடு நின்றுவிடும். வட்டு கெட்டுவிட்டதோ என்று பயந்து எதையும் அழிக்க வேண்டியதில்லை. முனையத்தை இணைத்து மறுபடி ஐபிஎல் செய்தால் போதும்.

புதிய வட்டு சேர்ப்பதை விளக்கியவருக்குப் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். 3350 வகை வட்டு என்றால் 555 சிலிண்டர், சிலிண்டருக்கு 30 தடம், தடத்துக்கு 19,069 பைட்; மொத்தம் ஏறத்தாழ 31.7 கோடி பைட். ஹெர்குலிஸின் டாஸ்டிஇனிட் நிரலில் மாற்று சிலிண்டர்களுக்கான விருப்பத்தையும் கொடுத்துக் கோப்பை உருவாக்கி, 111111 என்று தற்காலிக லேபிள் இடுங்கள் என்றார். ஒரே லேபிளில் இரண்டு வட்டுகள் இருந்தால் ஐபிஎல் சமயத்தில் எம்விஎஸ் ஒன்றைக் கழற்றச் சொல்லும். தற்காலிக லேபிள் அதைத் தவிர்ப்பதற்குத்தான். முகவரி விஷயத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஹெர்குலிஸில் எந்த முகவரியில் வேண்டுமானாலும் வட்டை இணைக்கலாம். ஆனால் சிஸ்ஜென் சமயத்தில் அந்த முகவரி அதே வகை வட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால்தான் எம்விஎஸ் கண்ணுக்கு அது தெரியும். ஓடும்போது புதிய முகவரியைச் சேர்க்கும் வசதி இந்தப் பதிப்பில் கிடையாது.

வட்டை ஆஃப்லைனில் வைத்து ஐசிகேடிஎஸ்எஃப் நிரல் கொண்டு இனிட் (தொடக்க வடிவமைப்பு) செய்ய வேண்டும். கன்சோலில் அது அனுமதி கேட்டுக் காத்திருக்கும். 'யு' என்று பதில் தராதவரை வேலை நகராது. விடிஓசி-யை (வட்டின் உள்ளடக்கப் பட்டியல்) முதல் சிலிண்டரின் 1-ஆம் தடத்தில் தொடங்கி 29 தடங்களுக்கு வைத்தால் அந்தச் சிலிண்டர் முழுதாகப் பயன்பட்டுவிடும், துண்டு துக்கடாவாக இடம் மிஞ்சாது. பிறகு வேரி ஆன்லைன், மவுண்ட் கட்டளைகள். அடுத்த ஐபிஎல்லிலும் வட்டு தானாக ஏற வேண்டுமானால் பார்ம்லிப் என்னும் அமைப்பு நூலகத்தில் உள்ள வேட்லிஸ்ட்00-இல் ஒரு வரி சேர்க்க வேண்டும். அங்கே நெடுவரிசைதான் எல்லாம்: 1 முதல் 6 வரை லேபிள், 8-இல் மவுண்ட் பண்பு, 10-இல் பயன்பாட்டுப் பண்பு, 12-இலிருந்து வட்டு வகை. ஓர் இடைவெளி கூடினாலும் அந்த வரி பயன்படாது.

அடுத்த நன்றி, அணைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவருக்கு. எமுலேட்டர் சன்னலை அப்படியே மூடுவது மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம். டிஎஸ்ஓ (முனையம் வழியாக வேலை செய்யும் வசதி) பயனர்கள் வெளியேற வேண்டும், டிஎஸ்ஓ நிற்க வேண்டும், பிறகு விடாம் (முனையத் தொடர்பு மென்பொருள்) நிற்க வேண்டும். அதன்பின் வேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் ஜெஸ்2-க்கு டாலர் பி கட்டளை. 'எல்லாப் பணிகளும் முடிந்தன' என்னும் ஹாஸ்ப்099 செய்தி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஜெஸ்2 இன்னும் ஓயவில்லை என்று பதில் வந்தால், ஏதோ ஒரு வேலையோ பிரிண்டரோ இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டுமே தவிர அவசரப்படக் கூடாது. அடுத்து இசட் இஓடி. நினைவகத்தில் மிச்சமிருக்கும் எஸ்எம்எஃப் (சிஸ்டம் பயன்பாட்டுக் கணக்கு) பதிவுகளையும் பிழைப் புள்ளிவிவரங்களையும் வட்டில் எழுதவே இந்தக் கட்டளை. இறுதியாக சிஸ்டத்தை ஓய வைக்கும் குவியஸ் கட்டளை, அதன்பின் ஹெர்குலிஸிலிருந்து வெளியேற்றம்.

சுருக்கப்பட்ட வட்டுக்கோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். எழுத வேண்டியதில் ஒரு பகுதி ஹெர்குலிஸின் தற்காலிகச் சேமிப்பிலேயே இருக்கும். கோப்பை முறையாக மூடும்போதுதான் அது முழுதாக வட்டுக்குப் போய்ச் சேரும். மின்தடை வந்துவிட்டால், மறுபடி ஐபிஎல் செய்வதற்கு முன் எமுலேட்டர் ஓடாத நிலையில் சிசிகேடிசிடிஎஸ்கே நிரலால் ஒவ்வொரு கோப்பையும் சரிபாருங்கள் என்ற அறிவுரைக்கும் நன்றி.

நிழல் கோப்புகளைப் பற்றிச் சொன்னவரின் உதவிக்கு விலையே இல்லை. அமைப்புக் கோப்பில் வட்டின் வரியில் எஸ்எஃப் என்று பாதை கொடுத்துவிட்டால், எஸ்எஃப் கூட்டல் கட்டளைக்குப் பிறகு நடக்கும் மாற்றமெல்லாம் நிழலில்தான் எழுதப்படும்; அடிப்படைக் கோப்பு தொடப்படாது. யூசர்மாட் (நாமே சிஸ்டத்தில் செய்யும் மாற்றம்) போட்டுப் பார்த்தது சரியாக வந்தால் நிழலை அடிப்படையோடு இணைத்துவிடலாம். வராவிட்டால் இணைக்காமலே நீக்கிவிடலாம். இதில் மீறக்கூடாத விதி ஒன்றுதான்: நிழல் இருக்கும்வரை அடிப்படைக் கோப்பில் யாரும் எதையும் எழுதக் கூடாது. நிழல் அதன் மேல் நிற்பது. கீழே இருப்பது மாறினால் இரண்டும் பொருந்தாது. காப்பு நகலை எமுலேட்டரை நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும், எல்லா வட்டுகளையும் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும். ஒரு வட்டில் இருக்கும் கேட்டலாக் (தரவுத்தொகுப்புகளின் இருப்பிடப் பட்டியல்) இன்னொரு வட்டின் தரவுத்தொகுப்பைச் சுட்டுவதால், வெவ்வேறு நாட்களின் நகல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

இடம் போதாமல் வேலை நின்றுவிடும்போது வரும் பி37, டி37, இ37 பிழைகள் மூன்றையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்று திருத்தியவருக்கு நன்றி. டி37 என்றால் கூடுதல் இடமே கேட்கப்படவில்லை. ஜேசிஎல்லில் (வேலைக்கான கட்டளை மொழி) இரண்டாம் அளவைச் சேர்த்தால் தீரும். வட்டில் இடம் தீர்ந்துவிட்டதா, 16 எக்ஸ்டென்ட்களும் (தொடர்ச்சியான இடத்துண்டுகள்) முடிந்துவிட்டனவா என்று மற்ற இரண்டுக்கும்தான் தேட வேண்டும். சிஸ்டம் நிரல்கள் இருக்கும் லிங்க்லிப் நூலகம் நிரம்பினால் ஓடும் சிஸ்டத்திலேயே அதை ஐஇபிகாப்பி நிரலால் கம்ப்ரஸ் செய்யத் தோன்றும். செய்யக் கூடாது. கம்ப்ரஸ் செய்ததும் உறுப்புகள் இடம் மாறிவிடும், நினைவகத்தில் இருக்கும் முகவரிகளோ பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். லிங்க்லிப் புதிய எக்ஸ்டென்ட் பிடித்தாலும் அப்படித்தான். அங்கே போன நிரலை ஏற்ற முயன்றால் 106 அபெண்ட் (பிழையால் பாதியில் நிற்பது) வரும்; மறு ஐபிஎல்தான் வழி.

கார்டு ரீடருக்குச் சாக்கெட் வழியாக வேலை அனுப்பக் கற்றுத்தந்தவருக்கு: வரிக்கு 80 எழுத்து, டாப் கூடாது, லோட் மாட்யூல் போன்ற பைனரிக் கோப்பை ஆஸ்கி என்று குறித்த ரீடருக்கு அனுப்பவே கூடாது, மொழிமாற்றம் அதைச் சிதைத்துவிடும் என்ற மூன்றையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். சி நிரல்களில் சதுர அடைப்புக்குறி மாறிப்போகும் தொல்லைக்குக் காரணம் 037, 1047 என்னும் இரு குறியீட்டுப் பக்கங்களிலும் அதற்கு வெவ்வேறு எண் இருப்பதுதான் என்று காட்டியவருக்கும் நன்றி.

சிஸ்டத்தின் தேதியை 28 ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளினால் நாட்காட்டியின் கிழமைகள் மாறாமல் இருக்கும் என்று சொன்னவருக்கும், பலருக்கும் தெரிந்த தொடக்கக் கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றச் சொன்னவருக்கும் நன்றி. ராக்ஃப் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பயனர் பட்டியலில் வரிகள் ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும், திருத்திய பின் ராக்ஃப்யூசர் வேலையை ஓட்ட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

அன்புடனும் நன்றியுடனும்,
எம்விஎஸ் பராமரிப்புக் குழுவினர்