பிளெக்கோவுக்கென்று ஒரு தொட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கப்படும் சாதா பிளெக்கோ என்ற கெளுத்தி வகை மீன் ஒன்றரை அடி வரை வளரும். இடம் போதாமல் போனதும் பலர் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நம் நீர்நிலைகளில் அது ஏற்கனவே பெருகி மீனவர்களின் வலையைப் பாழாக்குகிறது.

பிளெக்கோ மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால் சின்ன வகைகளுக்கென்றே ஒரு 3 அடித் தொட்டி வையுங்கள். முதலில் பிரிசில்நோஸ் போதும், அரை அடியைத் தாண்டாது. அடியில் மெல்லிய மணல், நடுவில் மரக்கட்டை, அப்புறம் உடல் நுழையும் அளவுக்கு மட்டும் இறுக்கமான மண்குழாய்க் குகைகள். ஆண் மீன் குகைக்குள் முட்டைகளுக்கு வாலால் விசிறிக் காவல் இருப்பதைப் பார்க்கவே இந்தத் தொட்டி வைக்கலாம்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பிளெக்கோ என்றாலே பாசி தின்னும் என்பதில்லை. பிரிசில்நோஸுக்கு வெள்ளரி, சுரைக்காய் சரி, ஆனால் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜீப்ரா பிளெக்கோவுக்குப் புழு, இறால் போன்ற இறைச்சி உணவு வேண்டும். அதற்கு 28 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பும் நல்ல நீரோட்டமும் தேவை, சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்று பம்ப்பை நிறுத்தவே கூடாது.

அந்த ஜீப்ரா பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டுமே வாழ்வது. பெலோ மோன்டே அணையால் அந்த ஆறே மாறிவிட்டது, 2022-இல், அருகி வரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் அந்த மீன் சேர்க்கப்பட்டது. அதனால் பண்ணையில் பிறந்த குஞ்சுதானா என்று கேட்டு, அதற்கான தாளைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மீன் வளர்ப்பாளர்,
சென்னை