முகூர்த்தம் இருந்த கேசட்

மயிலாடுதுறை

அன்புள்ள பாப்பா,

சனிக்கிழமை போனில், எங்கள் கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றியிருக்கிறேன் என்றதும் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இந்தக் காலத்துல யாருப்பா டிவிடி பாக்கறாங்க? யூடியூப்ல ஏத்திட்டு லிங்க் அனுப்புங்க" என்றாய். பக்கத்தில் உன் அம்மா இருந்தாள். அவள் இருக்கும்போது இந்தக் கதையை ஆரம்பித்தால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் நான்கு சொல்வாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

டிவிடி யாருக்கு என்றால், முதலில் அவளுக்குத்தான். ரிமோட்டில் கீழே, கீழே, ஓகே. பாஸ்வேர்டு கிடையாது, நடுவில் சமையல் எண்ணெய் விளம்பரம் வராது. யூடியூப் என்றதுமே "என் கல்யாணத்தை ஊரே பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். உனக்குத் தனியாக பென் டிரைவில் போட்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் வீட்டில் ஜடேஜா என்ற பெயரை எடுத்தால் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், ஞாபகம் இருக்கிறதா? பிற்பாடு ரவீந்திர ஜடேஜா ஆட வந்தார். பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் டிவியில் வந்தாலும் அதே முறைப்புதான். காரணம் என்ன என்று நீ கேட்டபோதெல்லாம் நான் மழுப்பினேன்.

1996 மார்ச் 9, சனிக்கிழமை. உலகக் கோப்பைக் காலிறுதி, பெங்களூரில், இந்தியாவும் பாகிஸ்தானும். அன்று மத்தியானம் உன் அத்தை வந்திருந்தாள். எங்கள் கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து நான் மணவறையில் வந்து உட்காருகிற இடத்தில் யாரோ காபிக்கு நிறுத்தினார்கள். அப்படியே மேட்சுக்கு மாற்றியாயிற்று. சாயங்காலம் அஜய் ஜடேஜா வந்து வக்கார் யூனிஸை வெளுக்க ஆரம்பித்ததும் எனக்குக் கை நிற்கவில்லை, வீடியோ டெக்கில் ரெக்கார்டை அழுத்திவிட்டேன். உள்ளே என்ன கேசட் இருக்கிறது என்று பார்க்கவில்லை. 25 பந்தில் 45 ரன். ராத்திரி பாகிஸ்தான் ஆடும்போது மறுபடியும் அழுத்தினேன். வெங்கடேஷ் பிரசாத்தும் ஆமிர் சொஹைலும் முறைத்துக்கொண்ட கட்டம் அதில்தான் பதிந்தது. இரண்டும் சேர்ந்து 26 நிமிடம்.

கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் எதுவும் பதியாது. கல்யாண கேசட் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை, நான் செய்யவில்லை. ரெக்கார்டை அழுத்தினால் எரேஸ் ஹெட் முதலில் பழையதைத் துடைத்துவிடும், அப்புறம்தான் புதியது ஏறும். எந்தக் கடைக்காரனாலும் திரும்ப எடுக்க முடியாது. இன்றைக்கும் அந்தக் கேசட்டைப் போட்டால் பிரசாத் ஸ்டம்பைப் பெயர்ப்பார், ஆமிர் சொஹைல் திரும்பி நடப்பார், படம் ஒரு நொடி வானவில் மாதிரி கலங்கிக் கிழியும், அடுத்து உன் அம்மா கழுத்தில் தாலியோடு பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருப்பாள்.

பெண் வீட்டாருக்கு என்று இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது காரைக்கால் மாமா வீட்டில் இருந்தது எனக்குத் தெரியும். கேட்டால் எதற்கு என்பார். மச்சானிடம் போய், உங்கள் தங்கைக்கு நான் தாலி கட்டியதன்மேல் கிரிக்கெட் பிடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கேட்கவே இல்லை. 28 வருஷம்.

போன தை மாதம் மாமா வீட்டைப் பிரித்துக் கட்டினார். பரணைக் காலி பண்ணும்போது போன் பண்ணி, "பழைய கேசட் ரெண்டு கிடக்கு மாப்ள, குப்பையில போட்டுறட்டுமா?" என்றார். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். எதற்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. இரண்டில் ஒன்று கல்யாணம், இன்னொன்று உன் காதுகுத்து.

பார்த்தால் இரண்டிலும் பூஞ்சை. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. கடலோரக் காற்று, பரண் வெக்கை. இதை அப்படியே டெக்கில் தள்ளினால் டேப்பும் கிழியும், டேப்பைப் படிக்கிற ஹெட்டும் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து கழற்றினேன். ஐந்து திருகாணிதான். ஆனால் உள்ளே குட்டி ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது, மூடியைத் தூக்கியதும் துள்ளிப் போய்விட்டது. அம்மா முறத்தில் அரிசி பார்க்கிற மாதிரி தரையில் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றையும் கழற்றும் முன்பு செல்லில் படம் எடுத்துக்கொண்டேன். இழை விடாத துணியை நடுவில் வைத்து, டேப்பை அதன்மேல் படும்படி கையாலேயே ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றினேன். ஒரு கேசட்டுக்கு மூன்று நாள் சாயங்காலம் ஆனது.

நம் டெக் சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்ததுதான், எட்டு வருஷமாக எழவே இல்லை. உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தாராக ஒட்டிக் கிடந்தது. இதற்கெல்லாம் உதிரி பாகம் கிடைப்பது இப்போது குதிரைக்கொம்பு. ஜப்பானில் ஃபுனாய் என்ற கம்பெனிதான் கடைசி வரை டெக் செய்துகொண்டிருந்தது, அவர்களும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து ஒரு பழைய டெக்கும் இரண்டு பெல்ட்டும் வாங்கி வந்தேன். ஹெட்டை நானே துடைத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை ஹெட் இருக்கிற உருளைமேல் வைத்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் உருளையை மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும்.

டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்கள் மூன்றும் ஒரு சின்ன டப்பாவுக்குப் போய், அங்கிருந்து யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகும். முதல் தடவை படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே போனது. கேசட்தான் போச்சு என்று பயந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் மென்பொருள் அமெரிக்க முறையில், அதாவது என்டிஎஸ்சியில், நிற்கிறது. நம் ஊர் கேசட் பால் (PAL) முறை, நொடிக்கு 25 படம், 720க்கு 576 புள்ளி. அதை மாற்றியதும் கலர் வந்தது. இதில் அவசரப்பட வழியே இல்லை பாப்பா. மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். நான் ஈசிச்சேரில், அம்மா கீழே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. சாயம் எல்லாம் கலங்கியிருக்கிறது, கூரைப்புடவைச் சிவப்பு புடவையைத் தாண்டி வலப்பக்கமாக வழிகிறது. விஎச்எஸ் கேசட்டில் காப்பிக்குக் காப்பி எடுத்தால் அப்படித்தான்.

முகூர்த்தம் வந்தது. அம்மா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐயர் தாலியை எடுத்து நீட்டுகிறார், நான் வாங்குகிறேன், எல்லாரும் அட்சதையை ஓங்குகிறார்கள். கேமராவுக்குக் குறுக்கே ஒரு முதுகு வந்து நின்றது. வெள்ளை ஜிப்பா, தோளில் பச்சைக்கரைத் துண்டு. அந்த முதுகு விலகும்போது மூன்றாவது முடிச்சை உன் அத்தை போட்டு முடித்திருந்தாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"பெரியப்பா" என்றாள் அம்மா. "அந்தத் துண்டு அவரோடதுதான்." அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்துவிட்டு, "இதுக்கா இத்தனை வருஷம் உங்ககிட்ட சண்டை போட்டேன்?" என்றாள். மூன்று தரம் பின்னால் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். பெரியப்பா மூன்று தரமும் குறுக்கே வந்து நின்றார்.

சரி, டிவிடி மெனு, அதாவது வட்டைப் போட்டதும் திரையில் வரும் பட்டியல், அந்த விஷயத்துக்கு வருகிறேன். சும்மா வட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் பந்தியைப் பார்க்க ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தால் டிவிடி எதற்கு, கேசட்டே போதுமே. டிவிடிஸ்டைலர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு படத்தைப் பின்னணியாக வைத்து, அதன்மேல் பட்டன்களை அடுக்கி, ஒவ்வொன்றும் எந்தக் காட்சிக்குப் போக வேண்டும், ரிமோட்டில் மேலே கீழே அழுத்தினால் எந்தப் பட்டனுக்குத் தாவ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். ஒரு மெனுவில் 36 பட்டன் வரை வைக்க டிவிடியில் இடம் உண்டு. நான் ஆறு வைத்தேன், அப்புறம் ஏழாகிவிட்டது.

பின்னணிக்கு, நம் பழைய வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிற காட்சியை நிறுத்திப் படமாக எடுத்தேன். ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வந்தது. டிவி படம் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று பாதி பாதியாக வருவதால் அப்படி. இரண்டையும் இழைக்கிற வசதியைப் போட்டதும் சரியானது. தலைப்பு எழுதி முதல் வட்டை டிவியில் போட்டால் 'முகூர்த்தம்' என்பது 'கூர்த்தம்' என்று நிற்கிறது. டிவி ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடுமாம். நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு விட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். அதோடு, நான் தட்டிய தமிழில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று சிதறியது. எத்தனை எழுத்துரு மாற்றியும் சரிவரவில்லை. கடைசியில் அம்மாவிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னேன். அதை ஸ்கேன் பண்ணிப் படமாகவே வைத்துவிட்டேன். 'ப'வின் அடிக்கோடு நீண்டு அடுத்த எழுத்தைத் தொடுவது உனக்குத் தெரியும், அதே கையெழுத்து.

மெனு ஓடும்போது பின்னால் சத்தம் வைக்கலாம். இந்தக் கல்யாண கேசட்டில் ஒரு கொடுமை, வீடியோக்காரர் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு எல்லார் பேச்சையும் அழித்துவிட்டார். ரோஜாப்பூவுக்குள் அம்மா முகம், இதயத்துக்குள் என் முகம், கூடவே பாட்டு. கெட்டிமேளம்கூடக் கேட்காது. பந்தியில் மட்டும் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சின்ன இடைவெளி விட்டிருக்கிறார். அதில் அப்பாயி குரல் வருகிறது. "இந்த வரிசைக்கு ரசம் வரலை பாரு." அவ்வளவுதான். நமக்கு மிஞ்சியிருக்கிற அப்பாயி குரல் அது ஒன்றுதான். நீ பிறந்த மறு வருஷமே அவர் போய்விட்டார், உனக்கு அந்தக் குரல் தெரியாது.

அதை எடுத்து மெனுவுக்கு வைத்தேன். மெனு தானாகத் திரும்பத் திரும்ப ஓடும். இருபது நொடிக்கு ஒரு தடவை, "இந்த வரிசைக்கு ரசம் வரலை பாரு." முதலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலைந்து தடவை ஆனதும் அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள். "அத்தையை எத்தனை தடவைதான் ரசம் கேக்க விடுவீங்க? எடுத்துடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன். இப்போது மெனுவில் சத்தமே இல்லை. அப்பாயிக்குத் தனியாக ஒரு பட்டன். வேண்டும் என்பவர்கள் அழுத்திக்கொள்ளட்டும்.

சரி, மீதி எல்லாம் நடைமுறை. 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரம்தான் நன்றாக நிற்கும். மூன்று மணி நேரத்தையும் திணித்தால் கட்டம் கட்டமாகிவிடுகிறது, ஆகவே கல்யாணம் இரண்டு வட்டு. நல்ல வட்டாக வாங்கி, மெதுவான வேகத்தில் எழுதியிருக்கிறேன். மேலே காகிதம் ஒட்டாதே. காரில், ஜன்னலோரம் என்று வெயிலில் வைக்காதே. அங்கே அமெரிக்காவில் நீங்கள் வைத்திருக்கிற டிவிடி பிளேயர் நம் பால் வட்டைப் பாடாமல் போகலாம். உன் லேப்டாப்பில் வட்டு போடும் இடமே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அதனால்தான் பென் டிரைவ். அதில் மெனு வராது, காட்சி காட்சியாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும், பெயர் போட்டிருக்கிறேன். மெனுவோடு பார்க்க வேண்டும் என்றால் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள், கணினிக்குப் பால், என்டிஎஸ்சி என்ற வித்தியாசம் கிடையாது. அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன் நியூஜெர்சி வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். புளிக்காய்ச்சல் பாட்டிலோடு சேர்த்துக் கட்டாதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏழாவது பட்டன் எது என்று கேட்பாய். மாமா கேசட்டில் முகூர்த்தம் கிடைத்துவிட்டதால் நம் கேசட்டிலிருந்த 26 நிமிட கிரிக்கெட்டைத் தூக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. "அதுவும் நம்ம கல்யாண கேசட்ல இருந்ததுதானே" என்றாள். வானவில் கிழிசல் உட்பட அப்படியே போட்டிருக்கிறேன். அந்தப் பட்டனுக்கு 'உலகக் கோப்பை 1996' என்று எழுதிக் கொடு என்றேன். அவள் வேறு ஏதோ எழுதிக் கொடுத்தாள். நான் மாற்றவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு போன் பண்ணு, ஆனால் அவள் எழுதியதை மாமா பக்கத்தில் இருக்கும்போது படிக்காதே.

அன்புடன்,
அப்பா