சமையற்கட்டைக் காட்டிய முதலாளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவுத் தொழிலில் வென்றவர்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் எத்தனை கிளைகள், எத்தனை கோடி முதலீடு என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. புதிதாகக் கடை வைக்க வரும் இளைஞர்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது, நெருக்கடி வந்தபோது அந்த முதலாளிகள் எதை மாற்றினார்கள், எதில் கைவைக்க மறுத்தார்கள் என்ற செய்திதான். பெங்களூரில் வசிப்பவன் என்ற முறையில், இங்குள்ள எம்.டி.ஆர். எனப்படும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புகிறேன்.

உடுப்பிப் பக்கத்துப் பரம்பள்ளியிலிருந்து வந்த யக்ஞநாராயண மையாவும் அவருடைய சகோதரர்களும் 1924-இல் இதைச் சிறு காபிக் கடையாகத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், எங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போதுதான் ரவையை வறுத்து, தயிர் விட்டுக் கலந்து, கடுகும் முந்திரியும் தாளித்துக் கொட்டி, ஆவியில் வேகவைத்துப் பார்த்தார்கள் என்றும், ரவா இட்லி அப்படித்தான் பிறந்தது என்றும் அந்த உணவகத்தார் சொல்கிறார்கள். அரிசி ஊறவைத்து அரைத்து இரவெல்லாம் புளிக்கக் காத்திருக்கும் வேலையும் இதில் இல்லை என்பது கடைக்காரருக்குக் கிடைத்த கூடுதல் ஆதாயம்.

1951-இல் ஐரோப்பா சென்று வந்த மையா, அங்குள்ள உணவகங்களின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு, தம் கடையின் பாத்திரம் கழுவும் முறை வரை திருத்தியமைத்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகும்படி வழி வைத்ததும் அவர் காலத்து ஏற்பாடுதான். இந்தக் கடையின் வெள்ளி டம்ளர் காபியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அடுப்படியை ஊரார் கண்ணுக்குத் திறந்துவைப்பதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

1975-இல் நெருக்கடி நிலை வந்து, உணவுப் பண்டங்களின் விலையை அரசு கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைத்து நிர்ணயித்தபோது, நிர்வாகத்தில் இருந்த அடுத்த தலைமுறையினர் தரத்தைக் குறைத்து ஈடுகட்ட மனமின்றிக் கடையையே மூடினார்கள். ஊழியர்களுக்கு வேலை தர வேண்டுமே என்று கைகொடுத்த மசாலாப் பொடி, உடனடி மாவுப் பொட்டலத் தொழில் பின்னர் தனி நிறுவனமாக வளர்ந்து, 2007-இல் நார்வேயின் ஆர்க்லா நிறுவனத்துக்குக் கைமாறியது. பிற்பாடு மீண்டும் திறக்கப்பட்ட உணவகம் இன்றும் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது.

இன்று கைப்பேசிச் செயலி வழியாக மட்டுமே விற்கும் சமையற்கூடங்கள் பெருகிவிட்டன. அவற்றில் சமைப்பவர் யார், எந்தச் சந்தில் சமைக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ரசீதில் 14 இலக்க உரிம எண் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுப்படியைப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் வாரத்தில் ஒரு நாளாவது நேரில் வந்து சமையற்கூடத்தைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை உரிமத்தோடு ஒரு நிபந்தனை விதிக்கலாம். தங்கள் நாளிதழ் தொழில்முனைவோரைப் பேட்டி காணும்போது, கிளைகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் சமையற்கட்டைப் பார்க்கலாமா என்று கேட்டு, கிடைக்கும் பதிலையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெங்களூரு.