வெளிக் குசினியும் பின்பாரமும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டில் உன் ட்ரெயிலர், ஒன்றில் உன் தொந்தி. வீட்டையே காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற மனிதனுக்கு, அந்த வீட்டின் வெளிச்சுவரில் இன்னொரு குசினி எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவேயில்லை. பின்மூலையில் மேல்நோக்கித் திறக்கும் கதவு. உள்ளே இரட்டை அடுப்பு, கைகழுவ மட்டும் போதுமான ஒரு தொட்டி, குட்டிக் குளிர்சாதனப் பெட்டி. விற்றவன் இதைத் திறந்து காட்டித்தான் உன்னை விழுத்தியிருப்பான். இரண்டு கோடையில் இரண்டே தடவைதான் அதில் சமைத்தீர்கள் என்கிறாய். ஒருமுறை காற்று அடுப்பை அணைத்ததாம், மறுமுறை நுளம்பு உங்களைச் சாப்பிட்டதாம். தங்கச்சி சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது சரி. நான் அவள் கட்சி.

அந்த இடத்தைச் சாமான் வைக்க மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். மாற்று. ஆனால் பலகையை அளப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்.

முதலாவது காஸ். அடுப்பைக் கழற்றிவிட்டுக் குழாய் வாயில் பழந்துணியைச் சுற்றி வைக்கிற ஆள் நீ. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நீ செய்த கூத்துகளை நான் மறக்கவில்லை. உன் ட்ரெயிலரின் மூக்கில் இருக்கும் சிலிண்டர்களில் உள்ளது புரொப்பேன். காற்றைவிட அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே கிளம்பிப் போய்விடாது. மூடிய பெட்டியின் அடியில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். அதனால் குழாயை அந்தப் பெட்டிக்குள் வைத்து அடைக்காமல், பெரிய குழாயிலிருந்து பிரியும் இடத்திலேயே மரையுள்ள மூடி போட்டு அடைக்க வேண்டும். உங்கள் ஊரில் இதற்கென்றே உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். காசைப் பார்க்காதே. வேலை முடிந்ததும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று நீயும் ஒருதரம் பார். 2021 கடைசியில் இங்கே வீடுகளில் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்தி அடுத்தடுத்து வந்தபோது, தேநீர்க் கடையில்கூட புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தைத்தான் பேசினார்கள். என் மனுசி சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க என்னை அனுப்புவாள். நான் போனால் பரவாயில்லையாம்.

இரண்டாவது தண்ணீர். தொட்டியை எடுத்தால் அதற்குப் போகிற குழாயையும் அதிலிருந்து வருகிற குழாயையும் சேர்த்து அடைக்க வேண்டும். போகிற குழாயில் மிச்சத் தண்ணீர் நின்றால் உன் ஊர்ப் பனியில் உறைந்து வெடிக்கும். வருகிற குழாயைத் திறந்தபடி விட்டால் கழிவுநீர்த் தாங்கியின் மணம் உன் மடக்குக் கதிரைகளில் ஏறும். சுவரில் குழாய்கள் நுழைகிற ஓட்டைகளுக்குள் இரும்பு நாரைத் திணித்துவிடு. குளிர்காலத்தில் ட்ரெயிலர் சும்மா நிற்கும்போது எலிக்கு அதைவிட நல்ல மாளிகை கிடைக்காது. பிளக் செருகுகிற இடத்தைக் கழற்றாதே, ஒரு மூடி போட்டால் போதும், பின்னால் உதவும்.

மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு உண்மையில் கவலை. நீ எழுதிய பட்டியலைப் பார்த்தேன்: கருவிப்பெட்டி, ஜெக், சில்லுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள், விறகு, தண்ணீர்க் குழாய்ச் சுருள், இன்னொரு பற்றரி. மச்சான், தம்பலகாமத்தில் சின்ன மாமா நெல்மூட்டை ஏற்றுவது நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் வண்டியின் வால்பக்கத்தில் தொங்கிக்கொள்வோம். அவர் திரும்பிப் பார்க்காமலே “பின்பாரம்! இறங்குங்கோடா!” என்று கத்துவார். நுகம் மேலே எழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகுவதைக் கையிலேயே உணர்ந்துவிடுவார். உன் ட்ரெயிலரும் வண்டிதான். மாட்டுக்குப் பதில் கார், நுகத்துக்குப் பதில் கொக்கி. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் அமர வேண்டும் என்பது கணக்கு. 3000 கிலோ என்றால் 300 முதல் 450 கிலோ வரை. உன் வெளிக் குசினியோ அச்சுக்குப் பின்னால், கடைசி மூலையில் இருக்கிறது. அங்கே வைக்கிற ஒவ்வொரு கிலோவும் கொக்கியை மேலே தூக்கும். முன்பாரம் குறைந்த வண்டி நெடுஞ்சாலையில் பாம்பு மாதிரி வாலை ஆட்டும். பக்கத்தில் ஒரு பெரிய லொறி கடந்து போனாலே போதும்.

குட்டிக் குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும் தொட்டியும் கழன்று வந்ததும் அவற்றை ஒரு தராசில் ஏற்றிப் பார். எத்தனை கிலோ இறங்கியதோ, அதற்குள் அடங்குகிற சாமான் மட்டும் அங்கே போகட்டும். மடக்குக் கதிரை, பாய், மழைக்கோட்டு, பிள்ளைகளின் பந்து. ஜெக்கும் பற்றரியும் முன்னால். விறகைப் போகிற இடத்தில் வாங்கு. இன்னொன்று, குடிதண்ணீர்க் குழாயையும் மலக்குழாயையும் ஒரே தட்டில் சுருட்டி வைக்காதே. இதை உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே.

தட்டு அடிப்பது சின்ன வேலை. அரை அங்குலப் பிளைவுட் போதும். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார். ‘டொக்’ என்று கேட்கிற இடத்தில்தான் உள்ளே சட்டம் இருக்கும், திருகாணி அங்கே மட்டும் ஏறட்டும். மற்ற இடமெல்லாம் வெறும் தோல், அதற்குப் பின்னால் வயர் ஓடும். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் இரண்டங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் அடி. இல்லாவிட்டால் முதல் குழியிலேயே எல்லாம் கதவில் வந்து சாய்ந்து நிற்கும். நீ திறந்ததும் காலில் விழும்.

எதையும் அறுக்காதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் அம்மாவின் பழைய விறகுக் குசினி இருந்ததல்லவா? காஸ் வந்த பிறகு அதை நான் சாமான் அறையாக்கினேன். கிழிந்த வலை, கால் உடைந்த வாங்கு, இரண்டு கறள் பிடித்த சைக்கிள், ஒருவருக்கும் வேண்டாத தகரங்கள். அடுப்பை இடித்துத் தளம் போட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன், பஞ்சி விடாது. 2022இல் காஸ் இல்லாமல் போனது. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வரிசையில் விட்டுவிட்டு, விடியும்வரை தெருவில் இருந்தோம். மூன்றாம் நாளும் வெறுங்கையோடு வந்தேன். இவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கம் போய்த் தகரத்தை ஒவ்வொன்றாக முற்றத்தில் வீசத் தொடங்கினாள். ஒரு முழுநாள் வேலை. கடைசியாக வலையைத் தூக்கியபோது அடியில் மூன்று அடுப்பும் அம்மா மெழுகிய மாதிரியே இருந்தன, ஒன்றில் ஒரு பல்லி முட்டை. அன்றைக்கு இரவு விறகில் வைத்த சூடைமீன் குழம்பைச் சாப்பிட்ட பிறகுதான் இவள் என்னோடு பேசினாள்.

ஆகவே அடுப்பைத் துடைத்துக் கராஜில் வை. கழற்றிய திருகாணிகளை ஜாம் போத்தலில் போட்டுப் பெயர் ஒட்டு. நாளைக்கு நீ ட்ரெயிலரை விற்கப் போனால், வாங்க வருகிறவனும் உன்னைப் போலவே அந்தக் குசினியைப் பார்த்து மயங்கக்கூடும்.

இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. கோணேசர் கோவிலடியில் நின்றால் சாறி, வேட்டி எல்லாம் ஒரு பக்கம் பறக்கிறது. மான்கள் எங்கள் வேலிக்குள் தலையை விட்டுச் செவ்வரத்தையை மொட்டையாக்கிவிட்டன. கச்சேரிப் பக்கம் போனால் மனிதரைவிட மானுக்குத்தான் வழிவிட வேண்டியிருக்கிறது. என் முழங்கால் பரவாயில்லை. கன்னியாய் வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் சுகம் என்று இவள் சொல்கிறாள், ஆனால் அந்த ஏழு கிணற்றடிக்கும் போய்வரும் ஓட்டோவின் குலுக்கலில் வலி திரும்ப வந்துவிடுகிறது.

பெட்டியின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அடி அங்குலத்தில் அளந்து அனுப்பு. அச்சிலிருந்து அந்தக் கதவு எத்தனை அடி பின்னால் என்பதையும் சேர்த்து எழுது. தட்டின் படத்தைக் கீறி அனுப்புகிறேன். தங்கச்சிக்குக் கருவாடு தயாராக இருக்கிறது, வருகிற ஆள் யாரென்று மட்டும் சொல்.

உன் பழைய கூட்டாளி