குவார்ட்ஸ் வாட்ச்னா அவ்ளோ இளப்பமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். சாவி கொடுக்குற வாட்ச் பத்தின உங்க கட்டுரை சூப்பர், ஆனா குவார்ட்ஸ்னு சொல்ற பேட்டரி வாட்சை ஒரே வரியில ஒதுக்கிட்டீங்களே. சாதா குவார்ட்ஸ் மாசத்துக்கு 15 செகண்ட் வரைக்கும் முன்னபின்ன ஓடும்தான், ஏன்னா உள்ள செகண்டுக்கு 32,768 தடவை அதிருற கிறிஸ்டலோட வேகம் சூட்டுக்கும் குளிருக்கும் கொஞ்சம் மாறும். ஆனா ஜப்பான் பிராண்ட் கிராண்ட் சீகோவோட 9எஃப்ங்கிற குவார்ட்ஸ் மெஷின் ஒரு நாளைக்கு 540 தடவை டெம்பரேச்சர் பாத்து தானே சரி பண்ணிக்குது, வருஷத்துக்கே 10 செகண்ட்தான் வித்தியாசம். சிட்டிசன் கம்பெனி 2019-ல விட்ட 0100ங்கிற மெஷின் அதையும் தூக்கி சாப்பிட்டுருச்சு, வருஷத்துக்கு ஒரே ஒரு செகண்ட், அதுவும் ஜிபிஎஸ், ரேடியோ சிக்னல் எதோட தயவும் இல்லாம! விலைய கேட்டா தலை சுத்தும், அது வேற கதை. அந்த வாட்ச்ல செகண்ட் முள்ளு ஒவ்வொரு கோட்டு மேலயும் டக்கு டக்குனு பிசகாம நிக்கும் பாருங்க, அதுக்கே காசு கொடுக்கலாம். இதப்பத்தியும் ஒரு பக்கம் போடுங்க சார்.

- வாசகர், மதுரை