மைக் மாமாவுக்கும் ஒரு டிக்கெட்

அன்புள்ள தலைவரே,

இத்தனை நாள் பதில் போடாததற்கு வழக்கமான சாக்குகளையே வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். உன் பிரஷரைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதாததிலிருந்தே மாத்திரை ஒழுங்காகப் போடவில்லை என்று தெரிகிறது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அப்பாவையும் பாப்பாவையும் மேற்கத்திய இசை கேட்க இங்கே கோலாலம்பூர் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்குக்கு அழைத்து வருகிறாய் என்றதும் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில், "பார்த்துவிட்டு, நம் ஆண்டுவிழாக் கச்சேரியையும் இந்த மாதிரி ஹால் ஒன்றில் வைத்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் வரும் வழி. பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல். அங்கே கிளானா ஜெயா தடத்தில் கோம்பாக் பக்கம் போகும் எல்.ஆர்.டி. நகர ரயிலைப் பிடி, ஐந்தாவது நிறுத்தம் கே.எல்.சி.சி. மழை படாமல் சூரியா மாலுக்குள் நடந்தே இரட்டைக் கோபுரத்தின் தரைத்தளத்துக்கு வந்துவிடலாம். சாயங்காலத்தில் கிராப் டாக்சி எடுத்து ஜாலான் அம்பாங்கில் மாட்டிக்கொள்ளாதே. கச்சேரி தொடங்கிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். நடுவில் தகுந்த இடைவெளி வந்தால்தான் உள்ளே விடுவார்கள், அங்கே தலைவர் என்று சொல்லிப் பயனில்லை. சாப்பாட்டை கே.எல். சென்ட்ரல் பக்கத்து பிரிக்பீல்ட்ஸிலேயே முடித்துக்கொள். உனக்கு நீளக்கை பாத்தேக் சட்டையும் ஷூவும் போதும். சிலிப்பர், அரைக்காற்சட்டை வேண்டாம். ஏர்கோன் குளிரும், அப்பாவுக்கு ஒரு சால்வை எடுத்து வா.

அப்பாவின் காதுக்கருவிதான் இதில் முக்கியம். பேச்சு கேட்பதற்காகச் சரிசெய்த கருவி, புல்லாங்குழலின் நீண்ட சுரத்தைத் தன்னுடைய விசில் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். கருவி வாங்கிய இடத்தில் 'மியூசிக் புரோகிராம்' போட்டுத் தரச் சொல். அரங்கில் அவர் கையைக் காதில் குவித்தால் கருவி கீச்சிடும், தொள்ளாயிரம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அங்கே ஏறக்குறைய அவ்வளவு இருக்கைகள்தான். 1998 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள், மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் கச்சேரியும் அன்றைக்கே. கோபுரத்தை வரைந்த சீசர் பெல்லிதான் இதற்கும் கட்டடக் கலைஞர், ஒலியமைப்பு கிர்கெகார்ட் நிறுவனம். மேடைக்குப் பின்னால் நிற்கும் ஆர்கன் குழாய்கள் ஜெர்மனியின் பான் நகரத்து கிளைஸ் பட்டறையில் செய்தவை. பாப்பா கேட்டால் சொல்ல உனக்கு இவ்வளவு போதும்.

டிக்கெட் எடுக்கும்போது முதல் வரிசைக்கு ஆசைப்படாதே. மேடை உயரமாக இருக்கும். முன்னால் இருக்கும் வயலின்காரர்களின் ஷூ தெரியும், பின்னால் இருக்கும் ஓபோ (நாகஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் குழல்), கொம்பு இவற்றின் ஒலி உன் தலைக்கு மேலே போய்விடும். கீழ்த்தளத்தின் நடு வரிசைகள் நல்லவை. கையில் பணம் குறைவென்றால் மேல்தளத்தின் முன்வரிசை எடு, வாத்தியங்கள் ஒன்றாகக் கலந்து கேட்கும். மேல்தளத்துக்கு அடியில் ஒதுங்கும் கடைசி வரிசைகள் மட்டும் வேண்டாம், கூரையிலிருந்து திரும்பும் ஒலி அங்கே வந்து சேராது. பாப்பா வயலின் கற்றுக்கொள்கிறாள் அல்லவா, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் உட்கார வை. முதல் வயலின் அணி நம் இடதுகைப் பக்கம்தான், வில் போகும் திசை தெளிவாகத் தெரியும். அன்றைக்கு பியானோ இருந்தாலும் இடப்பக்கத்தில்தான் விரல்களைப் பார்க்கலாம்.

தொடங்குமுன் ஓபோ 'ஏ' என்ற சுரத்தைப் பிடிக்கும், எல்லாரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். அதைப் பாட்டு என்று நினைத்து அப்பா 'பலே' சொல்லிவிடப் போகிறார். சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதி, பகுதிகளுக்கு நடுவில் கைதட்டும் பழக்கம் இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர் சைகாவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: மூன்றாம் பகுதி ஆரவாரமாக முடியும், முடிந்தேவிட்டது என்று தோன்றும். உண்மையான முடிவோ தணிந்த ஒலியில் அடங்கும் நான்காம் பகுதி. இசைக்குழுவின் நடத்துநர் கையைத் தொங்கவிட்டு நம் பக்கம் திரும்பட்டும், அப்புறம் தட்டு. இருமல் மிட்டாயின் காகிதத்தை வீட்டிலேயே பிரித்துவிடு, 'மெதுவாகப் பிரித்தால்' சத்தம்தான் நீளும்.

இனி என் கவலைக்கு வருகிறேன். அந்த ஹாலில் இசைக்குழு மைக் இல்லாமல் வாசிக்கும். அப்படியும் கடைசி வரிசைக்குக் கேட்பதற்குக் காரணம் சுவர்கள். ஹால் நீள்சதுரப் பெட்டி வடிவம், பக்கச் சுவர்கள் நெருங்கியவை. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நேரே வரும் ஒலியைவிடச் சுவரில் பட்டு வரும் ஒலி 17 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால் 50 மில்லிவினாடி தாமதம். அதற்குள் வந்துவிட்டால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும், ஒலி கனக்கும். அதற்கும் வெகுநேரம் கழித்துப் பலமாக வந்தால் எதிரொலி.

சிம்பொனிக்கு, ஒலி அறுபது டெசிபல் தணிய, அதாவது ஏறக்குறைய அடங்கிப்போக, இரண்டு வினாடி ஆனால் நல்ல ஹால் என்பார்கள். இழுத்து வாசிக்கும் வயலின் அணிக்கு அது அமிர்தம். நம் மிருதங்கத்துக்கு விஷம். வினாடிக்கு எட்டுச் சொல் (தனித்தனி அடி) விழும் இடத்தில், முதல் சொல் அடங்குவதற்குள் பதினாறு சொல் அதன் மேல் ஏறிவிடும். தனியாவர்த்தனம் கஞ்சியாகிவிடும். நமக்கு ஒரு வினாடிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

இதற்கு மேல் நம் ஒலிபெருக்கிக்காரர் மைக் மாமா வருவார். நம் கல்யாண மண்டபத்தில் செய்வதையே இங்கேயும் செய்வார்: மிருதங்கத்துக்கு இரண்டு மைக், பாடகருக்கு முன்னால் அவர் குரலை அவருக்கே கேட்கவைக்கும் பெரிய மானிட்டர் ஸ்பீக்கர், இரண்டு கறுப்புப் பெட்டிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, மத்தியானம் ஆளில்லாத ஹாலில் 'செக் செக் ஒன் டூ'. பிளாஸ்டிக் நாற்காலி மண்டபத்தில் ஆள் நிறைந்தால் ஒலி வெகுவாக மாறும், மனித உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும். அதனால் அங்கே மத்தியானம் வைத்த அளவு ராத்திரிக்கு உதவாது. கச்சேரி ஹாலில் மெத்தை இருக்கையையே ஆள் உட்கார்ந்த அளவுக்கு உறிஞ்சும்படி செய்வதுண்டு, ஆகவே மாற்றம் கொஞ்சமாகத்தான் இருக்கும். மாமா இது தெரியாமல் "ஆள் வந்தால் அடங்கிடும்" என்று குமிழைத் திருகித் தள்ளுவார். அடங்காது, தலைவரே.

எந்த ஹாலைப் பேசினாலும், வாடகையைக் கேட்பதற்கு முன் இதைக் கேள்: ஒலியை உறிஞ்சும் திரை இருக்கிறதா, அதை இறக்க எவ்வளவு நேரம் ஆகும், கூரைப் பலகையை நகர்த்த முடியுமா? பெட்ரோனாஸ் அரங்கில் கூரைப் பலகைகளை ஏற்றி இறக்கி ஹாலின் கன அளவையே மாற்றலாம். திரையை முழுவதும் இறக்கச் சொல். ஸ்பீக்கர் ஆள் உட்கார்ந்திருக்கும் பக்கம் மட்டும் பார்க்கட்டும், சுவருக்குப் போகும் ஒவ்வொரு துளியும் திரும்பி வந்து குழப்பும். மானிட்டரைப் பாதியாகக் குறை. பாடகர் "கேக்கல" என்பார், அவர் சொல்வதைக் கேட்டு ஏற்றினால் மைக் ஊளையிடும். மிருதங்கத்துக்கு மைக்கே போடாமல் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிப் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கேள். அங்கேயே கேட்டால் மைக் எதற்கு? தம்புராவுக்கும் வீணைக்கும் மட்டும் கொஞ்சம் வேண்டியிருக்கும்.

உன்னிடம் கோபமாகவே சொல்கிறேன். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு, ஸ்பீக்கர் வழியாக வராத வீணை எப்படி இருக்கும் என்றே தெரியாது. நாற்பது ஆண்டு ரசிகர் என்று மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். பாவம், அவர் கேட்டதெல்லாம் மாமாவின் ஆம்பிளிஃபையர்.

அதனால் மாமாவுக்கும் ஒரு டிக்கெட் போடு. இடைவேளையில் அவரை மேடை அருகே அழைத்துப் போய், மைக் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல். சில வேளை ஒலிப்பதிவுக்காக மேலே ஓரிரண்டு தொங்கும், அதைக் காட்டி "பார்த்தியா" என்பார், அசராதே. கமிட்டிக் கணக்கில் இது வராது என்று கணக்குப்பிள்ளை முகத்தைச் சுளித்தால், மாமாவின் டிக்கெட்டை என் கணக்கில் எழுதச் சொல். இருக்கை வரைபடத்தை இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பு. வரிசை எண்ணை நான் சொல்லும்வரை பணம் கட்டாதே.

உன்,
தபேலா